ஒரு மாத்திரை அளவு

எனக்கு அழுகை வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு வெயிலில் நின்றாலும் சிலருக்கு வியர்க்காது அல்லவா, அதுபோல இதுவும் ஓர் உடம்பு வாகு. என் கல்யாணத்தன்று அழவில்லை. அத்தாவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோதும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவில் ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கல் எந்த வயதில், எந்த அறையில் வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதிவிட்டால் கனம் குறையும் என்று சொல்கிறார்கள். குறையாது. எழுதி வைக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

அத்தா என்றால் அப்பா. ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் அத்தா திண்டுக்கல் பக்கத்துக்காரர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் டிபன்ஸ் ஃபாக்டரிக்கு ஆள் எடுத்தபோது வடக்கே வந்தவர். அம்மா உள்ளூர். அண்ணனூர்ப் பக்கம் ஏரித் தண்ணீரில் விளைந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்ட இந்துக் குடும்பம் அவளுடையது. நிலமெல்லாம் மனையும் ஃபாக்டரியுமாக மாறியபோது அவர்கள் நாற்றை விட்டுவிட்டுச் செங்கல் தூக்கப் போனார்கள். தொழிலாளர்களுக்குக் குவாட்டர்ஸ் கட்டிய இடத்தில் அம்மா சித்தாள். பிறகு தான் கல் சுமந்த வரிசையிலேயே ஒரு வீட்டுக்குக் குடித்தனம் வந்தாள். இந்தச் சுவருக்கு நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன் என்று அடுப்படிச் சுவரைத் தட்டிக் காட்டுவாள். வேறு எந்தப் பெண்ணுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?

இருவரும் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், யார் முதலில் பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அம்மா கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்தாள், புதுப் பெயர் வைத்தார்கள், நிக்காஹ் நடந்தது. நோன்பு பிடித்தாள், தொழுதாள், ஓதக் கற்றுக்கொண்டாள். அரபு எழுத்து அவளுக்குத் தெரியாது. காதால் கேட்டே மனப்பாடம் செய்தாள். அம்மாவின் அண்ணன், என் மாமா, கல்யாணத்துக்கு வரவில்லை. நான் பிறந்ததும் பிள்ளை பெற்ற உடம்புக்கு என்று ஒரு நாட்டுக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாராம். அதோடு போக்குவரத்து தொடங்கிவிட்டது.

வினை அந்தப் போக்குவரத்தில்தான் வந்தது. ஆடி மாதம் மாமா ஊரில் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அந்த வருஷம் அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். மாமாவின் மனைவி, என் அத்தை, எல்லாப் பெண்களுக்கும் பூசியதுபோல அவளுக்கும் முகத்தில் மஞ்சள் பூசி நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள். ஏதோ நினைவில் அம்மா அதைத் துடைக்காமல் கூழ்ச் சொம்போடு தெருவில் வந்தாள். அத்தாவோடு வேலை செய்தவர் ஒருவர் அந்த வழியாகச் சைக்கிளில் போனார். மறுநாள் ஃபாக்டரியில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே செய்தி அத்தாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் பொய். ஊரில் அத்தாவுக்கென்று வெகு நாளாகப் பேசி வைத்திருந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆனால் அன்று பொட்டு ஒரு சாக்காகக் கிடைத்தது. அத்தா கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் அவருக்கு வார்த்தை முந்திக்கொள்ளும். தலாக் என்பதும் ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சொன்னது சொன்னதுதான் என்று ஆகிவிட்டது.

நானும் அம்மாவும் மாமா வீட்டுக்கு வந்தோம். தலாக் ஆன பெண் மூன்று மாதவிடாய் வரை வெளியே தெருவுக்கே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும், இத்தா என்பார்கள். சொல்லிக்கொடுக்கவோ கேட்கவோ ஆள் இல்லாத அந்த வீட்டில் அம்மா தானாகவே இத்தா இருந்தாள். அத்தைக்கு இது விளங்கவே இல்லை. "புருசன் உசுரோட கீறப்போ இன்னாத்துக்கு நீ மூலைல குந்திகினு கீற?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, சோற்றைக் கொண்டுவந்து அந்த மூலையில்தான் வைத்தாள். மேற்குப் பக்கச் சுவரைப் பார்த்துத் தொழவேண்டும். அந்தச் சுவரில் முருகன் காலண்டர் மாட்டியிருந்தது. ஒருநாள் மாமா வேலை விட்டு வந்தவர் ஆணியைப் பிடுங்கிக் காலண்டரை எதிர்ச் சுவரில் அடித்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு.

இப்போது வார்த்தைக்கு வருகிறேன், ஏனென்றால் என் கதையே அந்த வார்த்தைதான். குவாட்டர்ஸில் நான் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். மாமா வீட்டுப் பிள்ளைகள் அப்பனை நைனா என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் நாலு பிள்ளை ஆத்தா ஆத்தா என்று கத்திக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது பிள்ளை மட்டும் அம்மா என்று சொல்லிக்கொண்டிருக்குமா? கொஞ்ச நாளிலேயே எனக்கும் அம்மா ஆத்தா ஆகிவிட்டாள். ஆனால் அத்தா அத்தாவாகவே இருந்தார். எங்க அத்தா ஃபாக்டரில வேலை செய்றாரு என்று நான் சொன்னால் அந்தப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அப்பனைப் போய் ஆத்தா என்கிறது பார் என்று தெருவெல்லாம் சொல்லிக் கேலி செய்யும். போதாததற்கு மாமாவின் மனைவி அத்தை. அத்தா, ஆத்தா, அத்தை மூவரும் என் வாய்க்குள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் விரலைச் சொடுக்கிச் சொல்லிக்கொடுத்தார்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அ என்றால் ஒரு சொடுக்கு, ஆ என்றால் இரண்டு சொடுக்கு. வகுப்பே சொடுக்கியது. ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் நெடிலுக்கு ஆயுசு குறைவு. எதையும் சுருக்கிக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். வாத்தியார் சொடுக்கிய இரண்டாவது சொடுக்கைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம்.

அடுத்த ஆடி வந்தது. மாமா பிள்ளைகளோடு நானும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கூழ் வரிசையில் நின்றேன். ஊற்றுகிற ஆள் என் முகத்தைப் பார்த்து எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெண், அது அந்தத் துலுக்கர் வீட்டுப் பிள்ளை என்றாள். அந்த ஆள் கோபப்படவில்லை, விரட்டவும் இல்லை. "அவங்க இதெல்லாம் சாப்ட மாட்டாங்கபா," என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த சொம்பில் ஊற்றினார். எந்தக் கூழுக்காக என் அம்மாவின் வாழ்க்கை போனதோ அந்தக் கூழ் எனக்கு ஒரு கரண்டி கிடைக்கவில்லை. வெறும் சொம்போடு வீட்டுக்கு வந்தேன். அம்மா சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அத்தை தன் பங்கிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். நான் குடிக்கும்வரை அம்மா சுவர் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிவாசலில் ஓதப் போன இடத்திலும் இதே கதைதான், திருப்பிப் போட்டது. அங்கே என் பெயர் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை. ஆக, எனக்கு ஓதுகிற இடத்தில் ஒரு பெயர், மாமா வீட்டில் கூப்பிட ஒரு பெயர், இவை இரண்டும் போக இரண்டு பட்டப்பெயர். பெயருக்குப் பஞ்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தா பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பள்ளிவாசல் ஜமாஅத்தில் கேட்டார். திண்டுக்கல் பெண்ணை அதற்குள் கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை ஒட்டிய ஓதுகிற அறையில் எல்லாரையும் வரச் சொன்னார்கள். கயிறு கட்டி ஒரு நீலப் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு அதற்கு அந்தப் பக்கம் அம்மாவை உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் அத்தா, ஹஜ்ரத், முத்தவல்லி. ஹஜ்ரத் என்பவர் தொழவைத்து ஓதிக் கொடுப்பவர், தெற்குக் கடற்கரைக்காரர். முத்தவல்லி என்பவர் பள்ளிவாசல் நிர்வாகி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் உருது பேசுபவர். மாமா உள்ளே வரவில்லை. கூப்பிட்டார்கள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே செருப்புக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டார்.

முத்தவல்லி எடுத்த எடுப்பில் அம்மா பக்கம்தான் பேசினார். பெண்பிள்ளை பெரியவளாகிறவரை தாயிடம் இருக்க வேண்டும், அது தாயின் உரிமை, அத்தா சேர்ந்த ஹனஃபி மத்ஹபு என்ற சட்டப் பிரிவிலும் அதுதான் முறை, இதில் பேச என்ன இருக்கிறது என்றார். அத்தா அந்தப் பொட்டுப் பேச்சை எடுத்தார். தாய் மார்க்கத்தைவிட்டுப் போய்விட்டால் அந்த உரிமை உண்டா என்று கேட்டார். ஹஜ்ரத் பெட்ஷீட் பக்கம் திரும்பி, கலிமா சொல்லும்மா என்றார். அம்மா சொன்னாள். அண்ணனூர் நாக்கில் ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதே எழுந்திருந்தால் நான் மாமா வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அத்தா குனிந்த தலையோடு, அவள் மார்க்கத்தில் இருக்கலாம், அந்த வீடு அப்படி இல்லையே, பிள்ளைக்கு வேறு பெயரல்லவா வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றார். குரல் உடைந்துவிட்டது. ஹஜ்ரத் இளகிய மனசுக்காரர். அவருக்கு யார் முகமும் வாடக் கூடாது. அவர்கள் ஊர்ப் பக்கம் ஷாஃபி மத்ஹபு. அதில் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரிகிற வயது வந்துவிட்டால் பிள்ளையையே கேட்பார்கள், அது யாரைச் சொல்கிறதோ அவரோடு போகும் என்றார். உங்கள் சட்டம் இவர்களுக்கு எதற்கு என்றார் முத்தவல்லி. அத்தா, கேளுங்கள் என்றார். அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது.

"கேளுங்க. புள்ளையே சொல்லட்டும்."

அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. எனக்கும்தான். என்னை நடுவில் நிற்க வைத்தார்கள். ஹஜ்ரத் குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, யாரிடம் இருக்கப் பிரியம் என்று கேட்டார். பயமெல்லாம் இல்லை. தெரிந்த பதில். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"ஆத்தாகிட்ட."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹஜ்ரத்தின் ஊரில் அப்பாவுக்கு வாப்பா என்று பெயர். முத்தவல்லி வீட்டில் பாவா. அத்தா என்ற சொல்லும் அவர்களுக்குச் சொந்தமில்லை, ஆத்தா என்ற சொல்லும் சொந்தமில்லை. அந்த அறையில் அத்தா என்பது அத்தாவின் சொல். ஆத்தா என்பது அம்மாவின் சொல். ஹஜ்ரத் அத்தா பக்கம் திரும்பி, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அத்தாவின் கண் நிறைந்துவிட்டது. "அத்தாகிட்டன்னு சொல்றா, ஹஜ்ரத்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு அப்படித்தான் கேட்டது. ஏழு வருஷமாக நான் அவரைக் கூப்பிட்ட சொல் அது.

முத்தவல்லி மட்டும் பெட்ஷீட்டைப் பார்த்து, என்னம்மா, இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் வரவில்லை. மௌனம் சம்மதம் என்றார் ஹஜ்ரத், ஓதினார், எல்லாரும் கையை முகத்தில் தடவிக்கொண்டார்கள். பெட்ஷீட் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அடியில் அம்மாவின் பாதம் தெரிந்தது. சுண்ணாம்பு தின்ற விரல்கள். அவை அசையவே இல்லை. அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். செருப்புக் கிடந்த இடத்தில் மாமா என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் அம்மா வருகிறாளா என்று பார்த்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆத்தா என்று சொன்னேன், அத்தாவோடு அனுப்பினார்கள். பெரியவர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டு அவர்கள் நினைத்ததைச் செய்வார்கள், கேள்வி என்பதே அதற்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ள அவசியம் வரவில்லை.

குவாட்டர்ஸில் சின்னம்மா இருந்தாள். அத்தா கட்டிய திண்டுக்கல் பெண். அவள் என்னை அடித்ததில்லை, வைததில்லை, சோற்றில் குறை வைத்ததில்லை. அதிகமாக என்னைப் பார்த்ததும் இல்லை. அம்மா கல் எடுத்துக் கொடுத்த அடுப்படிச் சுவரில் அவள் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தாள். அம்மா பெருநாளைக்குப் பெருநாள் என்னைப் பார்க்க வருவாள். வாசலோடு நிற்பாள். நல்லா கீறியா என்பாள், ம் என்பேன். சின்னம்மா தூக்குச் சட்டியில் பிரியாணி போட்டுக் கொடுப்பாள். இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். அம்மா போகும்போது நான் அழுவேனோ என்று அத்தா கவலையோடு பார்ப்பார். எனக்கு வந்ததே இல்லை. பிறகு அவளுக்குப் பூந்தமல்லிப் பக்கம் கட்டட வேலை கிடைத்தது. வருவது குறைந்தது, நின்றது.

ஐந்தாறு வருஷம் கழித்து எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோது, அத்தா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு அத்தனை பேரு முன்னால நீயே அத்தாகிட்டன்னு சொன்னியே தாயி. அது போதும் எனக்கு." அப்போதுதான் அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. காய்ச்சலில் கூட அது தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாத்திரை. வாத்தியார் சொடுக்கிய இரண்டாவது சொடுக்கு. அத்தாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்; நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று பிடித்துக்கொண்டது: அம்மாவும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருப்பாள்? பெற்ற பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று.

காய்ச்சல் விட்டதும் ஓதுகிற இடத்தில் ஹஜ்ரத்தின் மனைவியிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். ஒரு தடவை சொன்ன பிள்ளை மாற்றிச் சொல்லலாமா என்று. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், பிள்ளை மனசு மாறத்தானே செய்யும், மாறினால் மாற்றி அனுப்ப வேண்டியதுதான் என்றாள் அந்த அம்மாள். அன்று அந்த அறையில் யாரும் இதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். சின்னம்மாவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். போகவேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. சில மாதங்களில் பெரியவளானேன். அதோடு அந்தக் கேள்வியே எந்தச் சட்டத்திலும் இல்லாமல் போனது.

அம்மாவிடம் சொல்லவேண்டும் என்பது மட்டும் இருந்தது. வேறொன்றும் வேண்டாம். நான் உன்னைத்தான் சொன்னேன் என்று அவள் காதில் போட்டுவிட்டால் போதும். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெற்றவளுக்குச் சொல்லாமல் எப்படி என்று அத்தாவே சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று பாதி வழிக்குத் தானும் வந்தார். ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் இறங்கியதும், நீ போய்விட்டு வா தாயி, நான் இங்கே இருக்கிறேன் என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா ஐயப்பன்தாங்கலில் கட்டட வேலையில் இருந்தாள். அப்போது அங்கே காலி மனைதான் அதிகம். நடுநடுவே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கும். மேஸ்திரியிடம் விசாரித்தேன். அவர் குரல் கொடுத்தார், அம்மாவின் பழைய பெயரைச் சொல்லி. மணல் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தகரக் கொட்டகையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மூலையில் தொழுகைப் பாய் சுருட்டி வைத்திருந்தது, எதிரே முருகன் காலண்டர் தொங்கியது.

கல்யாணச் செய்தி சொன்னேன், அத்தா பூந்தமல்லியில் காத்திருப்பதையும் சொன்னேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்டாள். வேலை நிற்கக் கூடாதென்று மணல் சலிக்கப் போனாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். நேராகச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குப் பள்ளிவாசல்ல நான் ஆத்தாகிட்டன்னுதான் சொன்னேன். அவங்க அத்தான்னு கேட்டுட்டாங்க."

சல்லடை நிற்கவில்லை.

"தெர்யும்," என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"எனக்கு இன்னா காது செவுடா? நீ சொன்னது எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

பிறகு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். முத்தவல்லி இரண்டு தடவை கேட்டாரே என்றேன். அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"பேசலாம்னுதான் வாயத் தொறந்தேன். அப்பதான் ரோசன வந்துச்சு. எங்க ஊட்டுப் பேச்செல்லாம் உனக்கு வந்துருச்சு, ஆத்தான்ற. ஆனா எங்க ஊர்ல உனக்கு ஒரு கரண்டி கூழு ஊத்தல. நாளைக்கு உன்ன எவன் கட்டினு போவான்? அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நான் ஒருத்தி நிக்கிறது பத்தாதா? அவுரு ஊட்லயாவது உனக்கு ஒரே பேரா இருக்கட்டும்னு வாய மூடிகினேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. அழுகையும் வந்திருக்கலாம். இத்தனை வருஷம் அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது அவள் கையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. பெட்ஷீட்டுக்கு அடியில் தெரிந்த அந்தப் பாதத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், நான் கொடுத்த அடியில் மரத்துப் போய்விட்டது என்று. அது மரத்துப் போகவில்லை. எழுந்து வரக்கூடாது என்று தரையில் ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. வெயில் மட்டும் சுட்டது.

கல்யாணத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். கிளம்பினேன். நாலடி போனதும் கூப்பிட்டாள்.

"ஒரு வாட்டி அத சொல்லேன்."

எதை என்று கேட்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"அத்தா," என்று வந்தது.

எனக்கே கேட்டது. மறுபடி முயன்றேன். பத்து வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் நாளெல்லாம் சொல்லிப் பழகிய சொல். மறுபடியும் குறிலில்தான் போய் விழுந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"அன்னிக்கி சரியாத்தான் சொன்ன. இன்னிக்குத்தான் தப்பா சொல்ற," என்றாள். "சரி, கெளம்பு. உங்க அத்தா காத்துகினு இருப்பாரு."